உணவுத் திட்டமிடலில் கணிப்பொறி: மட்டாஞ்சேரி ஓர் எடுத்துக்காட்டு

கேரள மக்களின் ஊட்டநிலையைப் பற்றிய புள்ளிவிவரங்கள் முதற்பார்வையில் ஒன்றுக்கொன்று முரண்பட்டவையாகவே தோன்றும். 2019-20இல் அம்மாநிலத்தில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 36.3 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். அதே வயதினரில் 38.1 விழுக்காட்டினர் அளவுக்கு மிஞ்சிய உடல் எடை உடையவர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் முடிவுகள் வெளியான ஆய்வு, வயது வந்தோரில் 25.5 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. உணவு போதாமையும் உணவு மிகையும் ஒரே ஊரில், பல வேளைகளில் ஒரே வீட்டில், குடியிருக்கின்றன. இத்தகைய நிலையில் எல்லோருக்கும் பொதுவான அறிவுரை பயன் தருவதில்லை. இன்னாருக்கு இன்ன உணவு, இன்ன அளவு என்று வகுத்துச் சொல்லும் கணிப்பொறி மென்பொருள்கள் கைப்பேசிச் செயலிகளாகப் பெருகி வருவதற்கு இதுவே காரணம். ஐதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே ‘நியூட்ரிஃபை இந்தியா நவ்’ என்னும் செயலியை வெளியிட்டுள்ளது. தனியார் செயலிகளும் பல உள்ளன.

இத்தகைய மென்பொருளை எவ்வாறு வகுப்பது என்னும் கேள்விக்கு விடை காண மட்டாஞ்சேரியை விடப் பொருத்தமான சோதனைக்களம் கிடைப்பது அரிது. கொச்சித் துறைமுகத்தை ஒட்டிய இச்சிறு நிலப்பரப்பில் மலையாளிகளுடன் கொங்கணியரும், குஜராத்தி வணிகர்களும், சமணரும், கச்சி மேமன்களும், தமிழரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். 1568இல் எழுப்பப்பட்ட பரதேசி யூதர் தொழுகைக்கூடம் இங்கேதான் இருக்கிறது. அதனைக் கட்டிய சமூகத்தாரில் இன்று எஞ்சியிருப்போர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. அருகிலுள்ள கோட்டைக் கொச்சியில், டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுப்பதற்காக அழைத்துவரப்பட்ட தமிழ் வண்ணார் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அத்தொழிலைச் செய்கின்றனர். ஒரு தெருவுக்கு ஓர் அடுப்பு என்னும்படி உணவு முறைகள் மாறும் இடம் இது. இங்கே செல்லுபடியாகும் மென்பொருள் நாட்டின் பெரும்பாலான நகரங்களில் செல்லுபடியாகும் எனலாம்.

கணக்கு எளிது, அட்டவணை அரிது

உணவுத் திட்டமிடலைக் கணக்காக்கிய பெருமை பொருளியலாருக்கு உரியது. 1945இல் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்ளர், 77 உணவுப் பொருள்களையும் 9 ஊட்டக்கூறுகளையும் எடுத்துக்கொண்டு, ஒரு மனிதன் மிகக் குறைந்த செலவில் உடல்நலத்துடன் வாழ எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டார். 1939ஆம் ஆண்டு விலையில் ஆண்டுக்கு 39.93 டாலர் என்பது அவர் கண்ட விடை. கோதுமை மாவு, சுண்டக் காய்ச்சிய பால், முட்டைக்கோசு, பசலைக்கீரை, உலர்ந்த அவரை விதை ஆகிய ஐந்தே பொருள்கள் அதில் இடம்பெற்றன. 1947இல் ஜார்ஜ் டான்சிக் நேரியல் திட்டமிடலுக்குரிய சிம்ப்ளெக்ஸ் முறையை உருவாக்கியபோது, அம்முறையைச் சோதிக்க இக்கணக்கே எடுத்துக்கொள்ளப்பட்டது. ஒன்பது எழுத்தர்கள் கைக்கணக்குப் பொறிகளுடன் முயன்று, ஏறத்தாழ 120 ஆள்-நாள் உழைப்பில் 39.69 டாலர் என்னும் சரியான விடையைக் கண்டனர். ஸ்டிக்ளரின் உத்தேச விடைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு 24 சென்ட் மட்டுமே. இன்று ஒரு சாதாரணக் கைப்பேசி இக்கணக்கைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடும்.

ஆனால் டான்சிக் பின்னர்த் தம் உடல் எடையைக் குறைக்க இதே முறையைக் கையாண்டபோது நேர்ந்தது கவனிக்கத்தக்கது. வயிறு நிறைந்த உணர்வு வேண்டும் என்பதற்காக, நீரின் எடையைக் கழித்தபின் எஞ்சும் உணவின் எடை மிகுதியாயிருக்க வேண்டும் என்று அவர் வகுத்தார். நாளொன்றுக்கு 500 காலன் வினிகர் அருந்துமாறு கணிப்பொறி பணித்தது! அட்டவணையில் வினிகருக்கு நீர்ச்சத்து இல்லை என்று பதிவாகியிருந்ததே காரணம். வினிகரை நீக்கியதும், நாளொன்றுக்கு 200 இறைச்சிச்சாற்றுக் கட்டிகள் என்று விடை வந்தது. உப்புக்கு மேல்வரம்பு எதுவும் அன்றைய பட்டியலில் இல்லை. கணக்கு இரு முறையும் பிழையின்றியே நடந்தது. பிழை, அட்டவணையில் இருந்த ஒரு சுழியிலும், இடப்படாத ஒரு வரம்பிலும் இருந்தது.

ஆகவே மென்பொருளின் உயிர்நிலை அதன் உணவு அட்டவணையே ஆகும். இத்துறையில் இந்தியாவின் முயற்சி நீண்ட வரலாறுடையது. 1918இல் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் ‘பெரிபெரி’ நோயை ஆராயத் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடமே 1958இல் ஐதராபாதுக்கு மாறி, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. குன்னூரிலிருந்து 1937இல் ஆய்க்ராய்ட் வெளியிட்ட உணவு மதிப்பு அட்டவணையும், 1971இல் கோபாலனும் உடனாசிரியர்களும் வெளியிட்ட நூலும் பல தலைமுறை மாணவர்களுக்குப் பயன்பட்டன. 2017ஆம் ஆண்டு அட்டவணை 528 உணவுகளையும் 151 கூறுகளையும் உள்ளடக்கியது.

எனினும் அட்டவணை பேசுவது, உண்ணத்தக்க பகுதியில் 100 கிராம் பச்சைப் பொருளைப் பற்றி. இல்லத்தரசி பேசுவதோ கரண்டிக் கணக்கில், சமைத்த சோற்றைப் பற்றி. அரிசி வெந்தபின் எடையில் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மடங்காகிறது. சோற்றின் எடையை அரிசியின் எடையாக எடுத்துக்கொள்ளும் செயலி, அரைவயிறு உண்டவரையும் மிகையாக உண்டவராகக் காட்டும். கேரள வீடுகளில் கஞ்சி வடிக்கும் வழக்கம் உண்டு. வடிநீருடன் தயாமின் வெளியேறுகிறது. புழுங்கலரிசியில் இவ்விழப்பு குறைவு என்பது குன்னூர் காலத்திலிருந்தே அறிந்த செய்தியாயினும், எந்த அரிசி, வடித்ததா வடிக்காததா என்று கேட்கும் செயலிகள் குறைவே. மேலும் அட்டவணை பச்சைப் பொருள்களுக்கே எண் தருகிறது. குழம்புக்கு எண் தருவதில்லை. மட்டாஞ்சேரியில் கொங்கணியர் வீட்டுப் பருப்பும் குஜராத்தியர் வீட்டில் வெல்லமிட்ட பருப்பும் தேங்காய் அரைத்த மலையாளப் பருப்புக் கறியும் ‘பருப்பு’ என்ற ஒரே தலைப்பில் அடங்கா. சமையல் குறிப்புகளை வீட்டிலேயே நிறுத்து அளந்து பதிவு செய்தாக வேண்டும். இப்பணிக்குக் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களை விடத் தகுந்த அமைப்பு வேறில்லை. பெயர்களிலும் கவனம் தேவை. மத்தியும் சாளையும் ஒரே மீன். மலையாளத்தில் அயிலை என்பது தமிழில் கானாங்கெளுத்தி. கப்பை என்பதே மரவள்ளிக்கிழங்கு. உணவுக்கு எண் ஒன்றாகவும் பெயர்கள் பலவாகவும் இருக்குமாறு பட்டியலை அமைப்பதே முறை.

ஒரே பானை

தனிநபர் உணவுத் திட்டம் என்னும் கருத்தே, தனித்தட்டில் தனக்கெனச் சமைத்து உண்ணும் சமுதாயத்தில் தோன்றியது. நம் நாட்டில் வீட்டுக்கு ஒரு பானை. இதனை மறந்த மென்பொருள், நான்கு பேருக்கு நான்கு சமையல் செய்யுமாறு ஒரு பெண்ணிடம் கூறுகிறது. அவள் மறுநாளே அதனைக் கைவிடுவாள்.

எடுத்துக்காட்டாக, பண்டகசாலையில் மூட்டை சுமக்கும் ஒருவர், வீட்டில் அமர்ந்து தையல் வேலை செய்யும் அவர் மனைவி, 16 வயது மகள், நீரிழிவுற்ற பாட்டி ஆகியோர் கொண்ட குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். 2020இல் வெளியிடப்பட்ட இந்தியப் பரிந்துரைகளின்படி, கடின உழைப்புள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 3,470 கலோரியும், அமர்ந்த வேலை செய்யும் பெண்ணுக்கு 1,660 கலோரியும் தேவை. இரும்புச் சத்திலோ வரிசை தலைகீழாகிறது. ஆணுக்கு 19 மில்லிகிராம், பெண்ணுக்கு 29, அவ்வயதுப் பெண்பிள்ளைக்கு 32. ஆயிரம் கலோரி உணவுக்கு என்று கணக்கிட்டால், கணவரின் உணவில் ஐந்தரை மில்லிகிராம் இரும்பு இருந்தால் போதும். மனைவியின் உணவில் பதினேழரை மில்லிகிராம் இருக்க வேண்டும். அவளுடைய ஒவ்வொரு பிடி சோறும் கணவருடையதைப் போல் மும்மடங்கு சத்துள்ளதாக இருக்க வேண்டும் என்பது பொருள். பெண்கள் கடைசியில் எஞ்சியதை உண்ணும் வீடுகளில் நடப்பதோ இதற்கு நேர்மாறானது.

பானை முழுவதையும் மனைவியின் தேவைக்கேற்ப அமைத்தால், கணவருக்கு நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் இரும்பு சேரும். அது மேல்வரம்பாகிய 45ஐ மீறுகிறது. ஆகவே மென்பொருள் இரண்டு அடுக்குகளில் கணக்கிட வேண்டும். சோறும் குழம்பும் பொதுவானவை. கீரை, மீன், பயறு, முட்டை போன்ற தொடுகறிகள் ஆளுக்கேற்பப் பங்கிடப்படுபவை. உழைப்பவருக்குக் கூடுதல் சோறு, பெண்களுக்குத் தொடுகறியில் கூடுதல் பங்கு, பாட்டிக்குச் சோற்றில் ஒரு கரண்டி குறைத்துப் பயறு என்பதாக விடை கரண்டிக் கணக்கில் வர வேண்டும். சமைப்பது ஒரு முறைதான். மாறுவது பரிமாறும் முறையே.

1,660 கலோரிக்குள் 29 மில்லிகிராம் இரும்பை, வீட்டுச் செலவுக்கும் அடங்கி, அடைவது பல நாள்களில் இயலாது. அப்போது ‘தீர்வு இல்லை’ என்று கணக்கு கூறும். பெரும்பாலான செயலிகள் இதனை மறைத்து, நடைமுறைக்கு ஒவ்வாத ஒரு பட்டியலை நீட்டுகின்றன. எந்த வரம்பு தடுக்கிறது என்பதை வெளிப்படையாகக் கூறி, இரும்பு-ஃபோலிக் அமில மாத்திரைக்கு நலவாழ்வு ஊழியரை அணுகுமாறு சொல்வதே நேர்மையான வடிவமைப்பு. பொருளியலார் நிழல் விலை என அழைக்கும் அளவும் இதே கணக்கில் கிடைக்கிறது. ஒரு மில்லிகிராம் இரும்பைக் கூட்ட வீட்டுச் செலவு எவ்வளவு உயரும் என்பதை அது காட்டும். ஒரு வார்டில் பல வீடுகளின் நிழல் விலைகளை ஒப்பிட்டால், மானியம் எப்பொருளுக்குத் தரத்தக்கது என்பது அலுவலர்களுக்கு விளங்கும்.

அலுவலர்கள் அடிக்கடி செய்யும் ஒரு குழப்பத்தையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். மேலே கூறிய பரிந்துரை அளவுகள் ஏறத்தாழ 97.5 விழுக்காட்டினரின் தேவையை நிறைவு செய்யுமாறு உயர்த்தி வகுக்கப்பட்டவை. தனி ஒருவருக்குத் திட்டமிட அவை ஏற்றவை. ஒரு வார்டில் எத்தனை பேருக்குக் குறைபாடு என மதிப்பிட, சராசரித் தேவை அளவையே கொள்ள வேண்டும். பெண்களுக்கு அது 15 மில்லிகிராம் இரும்பு. 29ஐ அளவுகோலாகக் கொண்டால் ஊர் முழுவதும் குறைபாடுற்றதாகத் தோன்றும்.

பல அடுப்புகள், பல பருவங்கள்

காலை, நண்பகல், இரவு என மூன்று வேளையை நிலையாகக் கொண்ட செயலி மட்டாஞ்சேரியில் ஒரு மாதம்கூடத் தாங்காது. சமணரில் நோன்பு பேணுவோர் கதிரவன் மறைந்தபின் உண்பதில்லை. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கும் விலக்கு. ரமலான் மாதத்தில் முஸ்லிம் வீடுகளில் உணவு வைகறைக்கும் மாலைக்கும் மாறுகிறது. அம்மாதமோ ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்கிறது. பெயரையோ சமூகத்தையோ கொண்டு உணவை ஊகிப்பதும் தவறு. கொங்கணியரில் மீன் உண்பவரும் உண்டு, உண்ணாதவரும் உண்டு. கேட்டறிவதே வழி. உணவுக்குப் பின் தேநீர் அருந்தும் பழக்கமும் கேட்கப்பட வேண்டும். தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பு உட்கொள்ளப்படுவதைக் குறைக்கிறது. நெல்லிக்காயும் மீனும் அதனைக் கூட்டுகின்றன. வெறும் கூட்டல் கணக்கில் இவை தெரிவதில்லை.

விலையும் பருவமும் இதனினும் கடினமானவை. எலும்போடு உண்ணும் மத்தி, ஏழைகளுக்கு மலிவான புரதமும் சுண்ணாம்புச் சத்துமாக இருந்து வந்தது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி, கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 3.9 லட்சம் டன்னாக இருந்த மத்திப் பிடிப்பு 2021இல் 3,297 டன்னாகச் சரிந்தது. ஆண்டுதோறும் ஜூன், ஜூலை மாதங்களில் 52 நாள் இழுவைப்படகுத் தடையும் உண்டு. 2025இல் தேங்காய் எண்ணெய் விலை கடுமையாக ஏறியது. சென்ற ஆண்டு விலையில் இவ்வாண்டு உணவைத் திட்டமிடும் மென்பொருள், ஏழை வீட்டுக்கு ஏமாற்றத்தையே தரும். சந்தை விலையை வாரந்தோறும் புதுப்பிப்பதும், ஒவ்வொரு பொருளுக்கும் அதே விலையில் கிடைக்கும் மாற்றுப்பொருள் இரண்டையாவது காட்டுவதும் இன்றியமையாதவை.

மருத்துவத்தின் எல்லையை மென்பொருள் தாண்டலாகாது. இளநீரும் நேந்திரம்பழமும் நலமுடையோர்க்கு நல்லவை. சிறுநீரகம் பழுதுற்றவர்க்கு அவற்றிலுள்ள பொட்டாசியம் ஆபத்தாகலாம். இன்சுலின் ஏற்றுக்கொள்பவர் நோன்பிருக்க விரும்பினாலோ, சிறுநீரக நோய் இருப்பதாகக் கூறினாலோ, செயலி பட்டியல் தருவதை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

இறுதியாக, பதிவுகளின் மறைகாப்பு. 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் விவரங்களைப் பெறப் பொதுவாகப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது. ஒரே கைப்பேசியை வீட்டார் அனைவரும் பயன்படுத்தும் இல்லங்களில் இதனினும் நுண்ணிய சிக்கல் ஒன்று எழுகிறது. மகளின் இரத்தப் பரிசோதனை முடிவும் மாதவிலக்குக் குறிப்பும் தந்தையின் கைப்பேசித் திரையில் தோன்றுமானால், அவள் உண்மையைப் பதிவு செய்யமாட்டாள். பிழையான பதிவிலிருந்து பிழையான பட்டியலே வரும். வீட்டுக்குரிய திரையில் பரிமாறும் கரண்டிக் கணக்கு மட்டும் தெரியுமாறும், தனியாள் விவரங்கள் கடவுச்சொல்லின் பின்னே இருக்குமாறும் அமைத்து, கைப்பேசி இல்லாதோர்க்கு அங்கன்வாடியில் அச்சிட்ட ஒரு தாளாக அதே கணக்கைத் தருவது செயற்படுத்தக்க வழியாகும்.