மூச்சை அடைத்தால் நிற்கும் எஞ்சின்

பெட்ரோல் எஞ்சினில் மின்பொறியைத் துண்டித்தால் ஓட்டம் நின்றுவிடும். டீஸல் எஞ்சினிலோ மின்பொறியே கிடையாது. காற்றை உள்ளிழுத்து அது மிகக் கடுமையாக அழுத்துகிறது. அவ்வழுத்தத்தில் எழும் வெப்பத்திலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீஸல் ஓட்டிக் காட்டிய தத்துவம் இதுவே. எஞ்சின் எத்துணை வேகமாக ஓடவேண்டும் என்பதைப் பீச்சப்படும் எண்ணெயின் அளவே நிர்ணயிக்கிறது. அதை அளந்து விடும் பொறுப்பு கவர்னர் என்னும் உறுப்பினுடையது.

ஆனால் எரிபொருள் வேறு வழியாக உள்ளே புகுந்தால் கவர்னர் என் செய்யும்? தேய்ந்த பிஸ்டன் வளையங்களின் வழியே மசகெண்ணெய் மேலேறலாம். டர்போ சார்ஜரின் அடைப்பு பழுதுற்று எண்ணெய் கசியலாம். கிணற்றடி எஞ்சின்களிலும் டிராக்டர்களிலும் காற்று வடிகட்டியின் கிண்ணத்தில் குறியீட்டுக்கு மேல் எண்ணெய் ஊற்றுவதும் ஒரு காரணமாகும். நிறைய ஊற்றினால் நன்மை என்று எண்ணுவோர் பலர்! அந்த எண்ணெய் காற்றோடு உறிஞ்சப்பட்டு எரியத் தொடங்கினால், வேகம் ஏற ஏற உறிஞ்சுதலும் ஏறும். சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் நில்லாது.

எரிவாயு கலந்த காற்றும் இவ்வாறே செய்யும். அமெரிக்காவில் டெக்ஸஸ் நகரத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், 2005 மார்ச் 23 அன்று வழிந்தோடிய எண்ணெயின் ஆவி, அருகே ஓடிக்கொண்டிருந்த ஒரு டீஸல் வண்டியைச் சூழ்ந்தது. எஞ்சின் வெறிகொண்டு ஓடிற்று. அணைக்க முயன்றும் இயலவில்லை. ஆவி தீப்பற்றியதற்கு அந்த வண்டியே காரணமாயிருக்கலாம் என விசாரணையாளர் கருதினர். பதினைவர் மாண்டனர்.

அப்படியாயின் நிறுத்துவது எவ்வாறு? காற்றைத் தடுக்கவேண்டும். உறிஞ்சு குழாயின் வாயை அகன்ற, தடித்த பலகையால் மூடுக. கையால் மூடலாகாது. துணியும் உதவாது, உள்ளே இழுக்கப்பட்டுவிடும். கரியமில வாயுத் தீயணைப்புக் கருவி இருப்பின் அதனைக் குழாய்க்குள் பீய்ச்சலாம். கிணற்றடி எஞ்சினில் அழுத்தம் தளர்த்தும் நெம்புகோல் உண்டு. வால்வு கெடக்கூடுமாயினும் அதைத் தூக்கிப் பார்க்கலாம். எதைச் செய்யினும் சுழல்சக்கரத்தின் நேரே நிற்கலாகாது. அது உடைந்து சிதறினால் உயிர் தப்புவது அரிது. வாயை மூட வழியில்லையெனில் எட்ட விலகி நிற்பதே அறிவுடைமை.

எஞ்சின் நின்றதும் உடனே மறுபடி கிளப்பவேண்டாம். வடிகட்டிக் கிண்ணத்தையும் மசகெண்ணெய் மட்டத்தையும் முதலில் பார்த்து, எண்ணெய் எவ்வழியே புகுந்தது என்பதைக் கண்டபின்னரே கைப்பிடியைத் தொடவேண்டும்.