முழு அதிர்வுதாங்கி மலை மிதிவண்டி

முழு அதிர்வுதாங்கி மலை மிதிவண்டி என்பது முன்சக்கரம், பின்சக்கரம் ஆகிய இரண்டுக்கும் அதிர்வுதாங்கி பொருத்தப்பட்ட, கரடுமுரடான பாதைகளில் ஓட்டுவதற்கென வடிவமைக்கப்பட்ட மிதிவண்டி ஆகும். சைக்கிள் கடைகளில் இது "டபுள் சஸ்பென்ஷன்" அல்லது "ஃபுல் சஸ்பென்ஷன்" என அழைக்கப்படுகிறது. முன்சக்கரத்துக்கு மட்டும் அதிர்வுதாங்கி உள்ள வண்டி "ஹார்ட்டெயில்" எனவும், அதிர்வுதாங்கியே இல்லாத வண்டி "ரிஜிட்" எனவும் வழங்கப்படும்.

இவ்வண்டியின் பயன் ஓடும் பாதையையும் உறுப்புகளின் தரத்தையும் பொறுத்தது. ஆகவே புதுச்சேரி போன்ற சமதளக் கடலோர நகரில் குறைந்த செலவில் இதனை வாங்க விரும்புவோர், அதன் இயங்கும் முறையை அறிந்திருப்பது அவசியமாகிறது.

வரலாறு

மலை மிதிவண்டி விளையாட்டு 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள மரின் கவுண்டியில் உருவானது. பழைய தடித்த டயர் வண்டிகளில் மலைப்பாதைகளில் இறங்கிய இளைஞர்கள், 1976இல் "ரீபேக்" என்னும் பந்தயத்தைத் தொடங்கினர். அவர்களுள் ஒருவரான ஜோ பிரீஸ், 1977இல் இதற்கென்றே தனிச் சட்டகம் ஒன்றை உருவாக்கினார். ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் 1989இல் தொடங்கப்பட்ட பின்னர் முன்கவை (ஃபோர்க்) அதிர்வுதாங்கிகள் பரவலாயின. 1990களில் பின்சக்கர அதிர்வுதாங்கியும் சந்தைக்கு வந்தது. 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை மிதிவண்டிப் போட்டி முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது.

இவ்வண்டி மலையிலிருந்து இறங்குவதற்காகத் தோன்றியது என்பது இவ்வரலாற்றிலிருந்து கவனிக்கத்தக்கது.

இயங்கும் முறை

அதிர்வுதாங்கியில் இரு பகுதிகள் உள்ளன. முதலாவது வில். இது உலோகச் சுருள்வில்லாகவோ அடைத்த காற்றாகவோ இருக்கலாம். மேட்டில் சக்கரம் ஏறும்போது வில் அமுங்கி ஆற்றலைச் சேமிக்கிறது. இரண்டாவது தணிப்பி. இதனுள் எண்ணெய் சிறு துளைகள் வழியே தள்ளப்படுவதால், வில்லின் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாக மாறுகிறது. தணிப்பி இல்லையெனில் அமுங்கிய வில் அதே வேகத்தில் விரிந்து, வண்டியும் ஓட்டுநரும் பலமுறை துள்ள நேரிடும்.

பின்சட்டகம் சுழல்மூட்டுகளால் முன்சட்டகத்துடன் இணைக்கப்படுகிறது. சக்கரம் மேலும் கீழும் அசையக்கூடிய தொலைவு "பயணத் தொலைவு" எனப்படும். நெடும்பாதை ஓட்டத்துக்கான வண்டிகளில் இது 100 முதல் 120 மில்லிமீட்டர் வரை இருக்கும். செங்குத்தான இறக்கப் பந்தய வண்டிகளில் ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் இருக்கும்.

ஓட்டுநர் அமர்ந்தவுடன் பயணத் தொலைவில் 25 முதல் 30 விழுக்காடு வரை அமுங்குவது சரியான அளவாகக் கருதப்படுகிறது. காற்று வில்லில் இதனைக் காற்றழுத்தத்தால் மாற்றலாம். மலிவான சுருள்வில்லில் இவ்வாறு மாற்றும் அளவு மிகக் குறைவு. ஆகவே 45 கிலோ எடையுள்ள மாணவருக்கு மிகக் கடினமாக இருக்கும் ஒரே வில், 90 கிலோ எடையுள்ளவருக்கு மிக மென்மையாக இருக்கும்.

மிதிக்கும் ஆற்றல் இழப்பு

மிதியை அழுத்தும்போது ஓட்டுநரின் எடை மாறி மாறி இறங்குவதால் பின்வில் ஒவ்வொரு மிதிப்பிலும் சற்று அமுங்குகிறது. முன்னோக்கிச் செல்ல வேண்டிய ஆற்றலில் ஒரு பகுதி இதில் வீணாகிறது. உயர்தர வண்டிகளில் சுழல்மூட்டுகளின் அமைவிடமும், அதிர்வுதாங்கியைப் பூட்டும் விசையும் இவ்விழப்பைக் குறைக்கின்றன. மலை இறக்கத்தில் புவியீர்ப்பே வண்டியை இழுப்பதால் இழப்பு பொருட்டாவதில்லை. இடைவிடாது மிதிக்க வேண்டிய சமதளத்தில் இது தொடர்ச்சியாக உணரப்படும்.

விலையும் தரமும்

ஒரு மிதிவண்டியின் விலை அதன் எல்லா உறுப்புகளுக்கும் பகிரப்படுகிறது. பின் அதிர்வுதாங்கி, சுழல்மூட்டுகள், அசையும் சட்டகம் ஆகியன கூடுதல் செலவு. மொத்த விலை உயராமல் இவை சேர்க்கப்பட்டால், பிரேக், சக்கரம், கியர், முன்கவை ஆகியவற்றின் தரம் குறைக்கப்பட்டிருக்கும்.

இந்தியாவில் பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய் அளவில் "டபுள் சஸ்பென்ஷன்" என விற்கப்படும் வண்டிகள் பெரும்பாலும் எஃகுச் சட்டகமும், தணிப்பி இல்லாத சுருள்வில்லும் கொண்டவை. மலைப்பாதைக்கு உகந்த முழு அதிர்வுதாங்கி வண்டியின் விலை இதைப்போலப் பல மடங்கு ஆகும். ஆகவே ஒரே தோற்றமுடைய இவ்விரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்றே கொள்ள வேண்டும். மலிவான வண்டியைக் கரட்டுப் பாதையில் வேகமாக இறக்குவது சட்டகமும் முன்கவையும் முறியும் அபாயத்தை உண்டாக்கும். இத்தகைய வண்டிகள் பலவற்றின் கையேட்டிலேயே கரட்டுப் பாதையில் ஓட்டலாகாது என்ற எச்சரிக்கை காணப்படுகிறது.

புதுச்சேரிச் சூழல்

1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி நகரம், செங்கோணத்தில் வெட்டிக்கொள்ளும் நேர்த்தெருக்களைக் கொண்ட கடலோரச் சமவெளி நகரமாகும். இங்கு மிதிவண்டி ஓட்டுநர் எதிர்கொள்வன வேகத்தடை, சாலைப் பள்ளம், ஓரத்து மணல் ஆகியனவே. அகலமான டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து ஓட்டினால் இவற்றின் அதிர்வு பெரும்பாலும் அடங்கிவிடும். மணலில் சக்கரம் புதைவதை அதிர்வுதாங்கி தடுப்பதில்லை. டயரின் அகலமே அங்கு உதவுகிறது.

நகருக்கு வடக்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில், 1968இல் தொடங்கப்பட்ட ஆரோவில் உள்ளது. அங்குள்ள செம்மண் பாதைகளும், மழைநீர் அரித்த ஓடைகளும் மலை மிதிவண்டிக்கு ஏற்றவை. எனினும் அம்மேட்டு நிலத்திலிருந்து கடற்கரை வரையிலான இறக்கம் சில பத்து மீட்டர்களே. நல்ல தரமுள்ள ஹார்ட்டெயில் வண்டி அங்குப் போதுமானது. நெடிய மலை இறக்கங்களுக்கு நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள சவ்வாது மலை, கல்வராயன் மலை ஆகியவற்றுக்கே செல்ல வேண்டும். அத்தகைய இடங்களுக்கு அடிக்கடி செல்வோருக்கே முழு அதிர்வுதாங்கியின் கூடுதல் செலவு பொருள் உள்ளதாகும்.

கடற்காற்றில் உள்ள உப்பு எஃகுச் சங்கிலி, திருகாணி, பேரிங் ஆகியவற்றை விரைவில் துருப்பிடிக்கச் செய்கிறது. முழு அதிர்வுதாங்கி வண்டியில் சுழல்மூட்டுகளிலும் பேரிங்குகள் இருப்பதால் பராமரிப்புச் செலவும் கூடுகிறது.

தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

• இருக்கையை உடல் எடையால் அழுத்தி விட வேண்டும். ஒருமுறை எழும்பி நின்றால் தணிப்பி இயங்குகிறது. பலமுறை துள்ளினால் தணிப்பி இல்லை அல்லது பழுதாகியுள்ளது.
• பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைக்க வேண்டும். ஆட்டம் இருந்தால் சுழல்மூட்டுகளோ சக்கர பேரிங்குகளோ தேய்ந்திருக்கலாம்.
• பழைய வண்டியாயின் பற்றவைத்த இணைப்புகளில் விரிசலும், அதிர்வுதாங்கியில் எண்ணெய்க் கசிவும் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும்.
• வண்டியின் எடையைக் கேட்டறிய வேண்டும். அடக்க விலையில் கிடைக்கும் முழு அதிர்வுதாங்கி வண்டிகள் 15 கிலோவுக்கும் மேல் இருப்பது வழக்கம்.
• நின்ற நிலையில் இரு கால்களும் தரையில் ஊன்றும்போது, மேற்சட்டத்துக்கும் உடலுக்கும் இடையே போதிய இடைவெளி இருக்க வேண்டும்.
• அதிர்வுதாங்கிக்கான உதிரி உறுப்புகளும் பழுது பார்ப்பவரும் உள்ளூரிலோ சென்னையிலோ கிடைப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஒரே தொகையில் ஹார்ட்டெயில், முழு அதிர்வுதாங்கி ஆகிய இரண்டும் கிடைக்குமாயின், முன்னதில் பிரேக்கும் சக்கரமும் முன்கவையும் பெரும்பாலும் மேம்பட்டவையாக இருக்கும்.

பராமரிப்பு

காற்று அதிர்வுதாங்கிக்குத் தேவையான அழுத்தம் டயரினதைவிடப் பன்மடங்கு அதிகம். சாதாரண சைக்கிள் பம்பால் அதனை நிரப்ப இயலாது. இதற்கெனத் தனிப் பம்பு உண்டு. கடற்கரையிலோ சேற்றிலோ ஓட்டிய பின் வண்டியை நன்னீரால் மென்மையாகக் கழுவி, உலர்த்தி, சங்கிலிக்கு எண்ணெய் இட வேண்டும். அழுத்தமான நீர்ப்பாய்ச்சல் பேரிங்குகளின் உள்ளே நீரைச் செலுத்திவிடும் என்பதால் தவிர்க்கத்தக்கது. வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை செம்மண் சேறு சுழல்மூட்டுகளில் படிவதால், அக்காலத்தில் கூடுதல் கவனம் தேவை.

இவற்றையும் பார்க்க

• மிதிவண்டி
• சுருள்வில்
• ஆரோவில்
• புதுச்சேரி