கடுகண்ணாவையும் படப் போட்டியும்

2010இல் நெதர்லாந்தில் தொடங்கி 2012இல் உலகளவில் விரிந்த 'விக்கி லவ்ஸ் மான்யுமென்ட்ஸ்', மரபுச் சின்னங்களைப் பொழுதுபோக்காகப் படமெடுப்போர் அப்படங்களைக் கட்டற்ற உரிமத்தில், அதாவது எடுத்தவரின் பெயரைக் குறிப்பிட்டு எவரும் எடுத்தாளலாம் என்ற இசைவுடன், விக்கிமீடியா பொதுவகத்தில் பதிவேற்றும் இணையப் போட்டியாகும். இத்தகைய படமெடுப்புக்குக் கொழும்பு–கண்டி வீதியிலுள்ள கடுகண்ணாவை ஏற்ற களமாகும். அவ்வீதியை அமைத்தவர்களுள் ஒருவரான கப்டன் டோசனின் நினைவாக 1832இல் எழுந்த கோபுரத்தையும், அதனுள் சுழன்றேறும் மரப்படிகளையும், பாறையைக் குடைந்த பழைய வீதியையும், 2014இல் திறக்கப்பட்ட ரயில் அருங்காட்சியகத்தையும் அங்கே காணலாம். குடைவின் இருளும் வெளியின் வெயிலும் ஒரே சட்டகத்தில் சேரும்போது, வெயில் விழும் பகுதிக்கேற்ப ஒளியளவைக் குறைத்தால் வானம் வெளுத்துப்போகாது. இடமும் நாளும் குறித்துப் பதிவேற்றிய படமே பிற்காலத்தில் ஆவணமாகப் பயன்படும்.