உடன்படாமைக்கு உடன்படுதல்

விவாதம் முற்றும்போது 'அக்ரீ டு டிஸ்அக்ரீ' என்று சொல்லி எழுந்துவிடுவது படித்தவர்களிடையே பெருகிவருகிறது. 'உங்கள் கருத்தை நான் ஏற்கவில்லை' என்பதன் நாகரிக வடிவமாகவே பலர் இதைக் கையாள்கின்றனர். அது பிழை. மறுப்பைத் தெரிவிக்க 'ஐ டிஸ்அக்ரீ' போதும். சற்றுப் பணிவு வேண்டுமெனில் 'ஐ பெக் டு டிஃபர்' இருக்கிறது. 'அக்ரீ டு டிஸ்அக்ரீ' என்பதோ ஓர் ஒப்பந்தம். கருத்தில் ஒன்றுபட முடியவில்லை, ஆயினும் இத்துடன் வாதத்தை நிறுத்திக்கொள்வோம் என்று இரு தரப்பும் இசைய வேண்டும். ஒருவர் மட்டும் அறிவிக்க முடியாது.

சமயப் பேச்சாளர் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டு 1770-இல் மறைந்தபோது, ஜான் வெஸ்லி தம் நினைவுரையில் இத்தொடரை ஆண்டார். மீட்பு யாருக்கு என்பதை இறைவன் முன்னரே விதித்துவிட்டானா என்பது குறித்து இருவரும் பல்லாண்டுகள் வாதிட்டவர்கள். அடிப்படையல்லாத கோட்பாடுகளுக்கு மட்டுமே வெஸ்லி அந்தச் சலுகையை அளித்தார் என்பது கவனிக்கத்தக்கது.

எங்கள் துறையில் இத்தொடர் வேறொரு வகையில் புகழ்பெற்றது. 2005-இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ராபர்ட் ஆமன், 1976-இல் எழுதிய சிறு கட்டுரைக்கு இதையே தலைப்பாக்கினார். ஒரே முன்கணிப்பிலிருந்து தொடங்கும் இருவர், பின்னர் வெவ்வேறு தகவல்களைப் பெறுகின்றனர். ஒரு நிகழ்வுக்கு ஒவ்வொருவரும் தரும் நிகழ்தகவு மற்றவருக்குத் தெரியும். அது தெரியும் என்பதும் இருவருக்கும் தெரியும்; அப்படித் தெரியும் என்பதும் தெரியும்; இவ்வாறு முடிவின்றித் தொடரும். அந்நிலையில் ஒருவர் எழுபது விழுக்காடு என்றும் மற்றவர் முப்பது என்றும் நிற்க முடியாது. இரண்டும் ஒன்றாகவே இருந்தாக வேண்டும் என்று அவர் நிறுவினார். நடைமுறையில் நாம் அத்துணைப் பகுத்தறிவாளர்கள் அல்லர் என்பது வேறு செய்தி. ஆயினும், எதிரிலிருப்பவரின் கருத்தும் ஒரு தகவலே. அவர் அறிந்தது என்ன என்று கேளாமல் கலைவது இழப்பு.

சுவையிலும் விழுமியங்களிலும் இத்தொடர் பொருந்தும். எண்ணிப் பார்த்துத் தீர்க்கக்கூடியவற்றில் பொருந்தாது. நான் பங்கேற்ற கல்லூரிக் குழு ஒன்றில் மாலை வகுப்புக் கட்டண உயர்வு விவாதத்துக்கு வந்தது. முந்தைய உயர்வுக்குப் பின் எத்தனை மாணவர் இடைநின்றனர் என்று கேட்டேன். வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் பத்து நிமிடத்தில் விடை கிடைத்திருக்கும். தலைவரோ 'அக்ரீ டு டிஸ்அக்ரீ' என்று புன்னகைத்து அடுத்த பொருளுக்குச் சென்றார். என் மறுப்பைக் கூட்டக் குறிப்பில் சேர்க்குமாறு கோரினேன்.

"எதற்கு ஐயா? நாம்தான் உடன்பட்டுவிட்டோமே" என்றார்.

மறுப்பை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டே எழுந்தேன்.