எலி செத்தது, உயிரணு சாகவில்லை!

எலி என்றாலே நமக்கு ஆகாது. லயத்தில் அரிசிச் சாக்கைக் கடிக்கும். செம்பனைக் காட்டில் பழத்தைத் தின்று தீர்க்கும். ஆனால் 1940-இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஒரு வெள்ளைச் சுண்டெலி வேறு விதமாகப் பேர் வாங்கிவிட்டது. அதன் முதுகுத்தண்டின் அருகே தானாகவே ஒரு புற்றுநோய்க் கட்டி வளர்ந்தது. நரம்பணுவில் உண்டான கட்டி. எலி என்றோ செத்துவிட்டது. அந்தக் கட்டியிலிருந்து வந்த உயிரணுக்கள் இன்றும் உலகின் பல ஆய்வுக்கூடங்களில் உயிரோடு பெருகிக்கொண்டிருக்கின்றன!

மூளையின் நரம்பணுக்கள் முற்றிய பிறகு பெருகுவதில்லை. எலியின் மூளையிலிருந்து எடுத்துத் தட்டில் வளர்த்தால் சில வாரம் பிழைக்கும். பிறகு வேறு எலியைத் தேட வேண்டும். புற்றணுவோ ஓயாமல் இரண்டிரண்டாகப் பிரியும். ஆளைக் கொல்லும் அந்தக் குணம்தான் ஆராய்ச்சிக்குக் கைகொடுத்தது. அந்தக் கட்டியை எலிக்கு எலி மாற்றிக் காப்பாற்றி வந்தார்கள். 1969-இல் கிளீப், ரடில் என்ற இருவர் அதிலிருந்து ‘நியூரோ-2ஏ’ என்ற அணு வம்சத்தை உண்டாக்கினார்கள். ஆர்.ஆர்.ஐ.எம். 600 ரப்பர் மரங்கள் எல்லாம் ஒரே தாய்மரத்தின் மொட்டை ஒட்டவைத்து வந்தவை அல்லவா? ஏறக்குறைய அதே கதைதான்.

கட்டி வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. 1990-இல் இத்தாலிய விஞ்ஞானிகள், எலி மூளையின் காவல் அணுக்களுக்குள் கிருமி மூலம் புற்று மரபணுக்களைச் செலுத்தி, ‘பிவி-2’ என்ற வம்சத்தை உண்டாக்கினார்கள்.

இதனால் நமக்கென்ன என்கிறீர்களா? வெறிநாய்க்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-இல் சரவாக்கில் அந்நோய் பரவி உயிர்களைக் குடித்தது. செத்த நாய்க்கு வெறி இருந்ததா என்று பார்க்க, அதன் மூளையை ஒளிரும் சாயமிட்டுச் சோதிப்பதே முதல் வேலை. சந்தேகம் தீராவிட்டால், முன்பெல்லாம் அந்த மூளைச் சாற்றை உயிருள்ள சுண்டெலிகளின் மூளையில் ஏற்றி, 28 நாள்வரை பார்த்திருப்பார்கள். இப்போது தட்டில் வளரும் நியூரோ-2ஏ அணுக்களில் ஏற்றினால் போதும். வெறிநோய்க் கிருமி அவற்றில் நன்றாக வளரும். ஏறக்குறைய நான்கு நாளில் தெரிந்துவிடும். எத்தனையோ எலிகளும் தப்பின. ஆனால் கடிபட்டவர் எந்த முடிவுக்கும் காத்திருக்கக் கூடாது. சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டுவது வீண் வேலை.

இந்த அணுக்களை அப்படியே நம்பிவிடவும் முடியாது. புற்றணு, நல்ல நரம்பணு ஆகிவிடாது. தட்டில் பலித்த மருந்து மனிதனிடம் பொய்த்துப் போகலாம். மேலும் தட்டு மாற்றி மாற்றி வளர்க்க வளர்க்க அணுக்களின் குணமும் மாறிப்போகும். ஆகவே ஆரம்பகால அணுக்களைத் திரவ நைட்ரஜனில், பூஜ்யத்துக்கும் கீழே 196 டிகிரி குளிரில் உறையவைத்திருக்கிறார்கள். தட்டில் வளர்வது பழசாகிவிட்டால் அதைக் கொட்டிவிட்டு, உறைந்ததில் ஒரு சிறு குப்பியை எடுத்து உருக்கி, மறுபடி முதலிலிருந்து வளர்க்கிறார்கள்.