கடல் கடந்தாரும் வீட்டிலிருந்தாரும்

மலாயாவில் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே முதற் புகையிரதப் பாதை 1885இல் திறக்கப்பெற்றது. அதனையடுத்த காலத்திற் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் யாழ்ப்பாணத்தார் பலர் எழுதுவினைஞராய் அமர்ந்தனர். பல குடும்பங்களில் தந்தை அங்கே; தாயும் மக்களும் இங்கே. அம்மக்களை வளர்த்தது காசுக்கட்டளை மாத்திரமன்று. தாயும் பாட்டியும் அம்மானும் அருகில் இருந்தமையேயாம். 1942இல் மலாயா யப்பானியர் கைப்பட, 1945 வரை பணவரவு தடைப்பட்டது. அன்று குடும்பத்தைத் தாங்கியோரும் வீட்டிலிருந்தாரே.

1970களின் பிற்பகுதி முதல் மத்திய கிழக்குக்குச் செல்லும் வழி திறந்தபோது இவ்வொழுங்கு தலைகீழாயிற்று. வீட்டுப் பணிக்கெனத் தாய்மாரே பெருந்தொகையினராய்ச் செல்லலாயினர். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைந்தது. 2013இல் வந்த குடும்பப் பின்னணி அறிக்கை விதி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாயைத் தடுத்தது. 2022இல் அவ்வெல்லை இரண்டு வயதாகத் தளர்ந்தது. பிள்ளையை யார் பார்ப்பார் என வினவுதல் தக்கதே. அதனைத் தாயிடம் மாத்திரம் வினவியது தக்கதன்று என்பது எம் கருத்து. மலாயாவுக்குப் போன தந்தையரை எவர் வினவினர்?

விதி எதுவாயினும், தாய் விமானமேறிய மறுநாள் பொறுப்பு முழுவதும் பெரும்பாலும் அம்மம்மாவின் தோளில் விழுகின்றது. உதவி செய்ய விழைவோர் முதலில் நோக்கவேண்டியவர் இவரே. பணம் வேறொருவர் பெயரில் வந்தால், மருந்துக்கும் கொப்பிக்கும் அவர் பிறர் கையை எதிர்பார்த்திருப்பார். ஆதலின் வீட்டுச் செலவுக்குரிய பங்கு அவர் கணக்குக்கே வருதல் நன்று. சேமிப்பு தாயின் கணக்கிற் தனியே இருக்கட்டும். பாதுகாவலர் இன்னாரென எழுதிய கடிதமும், பிறப்புச் சான்றிதழின் பிரதியும், இரவில் நோய் கண்டால் அழைக்கவேண்டிய உறவினர் பெயரும் புறப்படுமுன்னரே வகுப்பாசிரியரிடம் சேர்தல் வேண்டும். ஐயமுள்ளோர் பிரதேச செயலகத்திலுள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரைக் காணலாம்.

பாடசாலையின் பங்கும் சிறிதன்று. “பெற்றார் வருக” என்னும் அறிவித்தலைக் கண்டு, தாம் போகலாமோ என ஐயுற்று வாயிலில் நிற்கும் கிழவியர் உளர். “பெற்றார் அல்லது பாதுகாவலர்” என எழுத ஒரு செலவுமில்லை. தவணை அறிக்கையைக் கைத்தொலைபேசியிற் படமெடுத்துக் குவைத்திலுள்ள தாய்க்கு அனுப்ப ஆசிரியர் ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும். அவ்வாறு அனுப்பினால், அவ்வாரத் தொலைபேசி உரையாடலில் “சாப்பிட்டாயா?” என்பதற்கு அடுத்ததாகக் கணக்குப் பாடத்தைப் பற்றியும் அவளாற் கேட்க முடியும்.