அக்கன்னாவுக்கு யார் வைத்த பெயர்?

பைத்தானில் ‘ஃ’ எழுத்தின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். ‘தமிழ் சைன் விசர்கா’ என்று வரும்! பள்ளிக்கூடமே போகாத எங்க அம்மா, என் சிலேட்டைப் பார்த்துக் கற்றவர். அவருக்கும் அது அக்கன்னா, இலக்கணத்தில் ஆய்தம். விசர்கம் வடமொழிக் குறி, முன்னெழுத்தோடு ஒட்டி நிற்பது.

இந்தப் பெயர் யூனிகோடு தரத்தில் உள்ளது. அதை மாற்றவே முடியாது. 1996-ல் வந்த 2.0 பதிப்பு முதல், வைத்த பெயர் வைத்ததுதான் என்பது விதி. மாற்றினால் அந்தப் பெயரை நம்பிய புரோகிராம்கள் உடையும். ‘ஆய்தம்’ என்பது அட்டவணையில் பக்கக் குறிப்பாக மட்டும் இருக்கிறது.

ஜாவாஸ்கிரிப்டிலும் 2018-ல் இப்படியொரு தகராறு. ‘ஃபிளாட்டன்’ என்று பெயர் வைக்கப் போக, அதே பெயரை முன்பே வைத்திருந்த மூடூல்ஸ் லைப்ரரியோடு மோதியது. ‘ஸ்மூஷ்’ என்றுகூட வேடிக்கையாகச் சொன்னார்கள். கடைசியில் ‘ஃபிளாட்’ ஆகி 2019 தரத்தில் சேர்ந்தது. (அந்த ‘ஃபி’க்கும் நம்ம அக்கன்னாதான் வேணும்!)

பெயர் தப்பானாலும் நடத்தை சரி. யூனிகோடு ‘ஃ’-ஐத் தனி எழுத்தாகத்தான் வகைப்படுத்துகிறது. என்னைக் கேட்டால், சண்டை போட வேண்டியது நடத்தைக்குத்தான். ‘தமிழ்’ என்பதன் நீளம் ஜாவாஸ்கிரிப்டில் 5! புள்ளியும் மேல்விலங்கும் தனித்தனியே எண்ணப்படும். ஒரு ஆன்லைன் படிவத்தில் எங்க அப்பா பெயர் பாதியில் வெட்டுப்பட்டது இந்தக் கணக்கால்தான். ‘இன்ட்ல் செக்மென்ட்டர்’ போட்டால் 3 என்று வரும். லேபில் செய்து பாருங்கள்.